மேற்கு ஜன்னல் ஹாலுக்குச் சாம்பலா, சந்தனமா?

அண்ணாச்சி, பாளையங்கோட்டை வீட்டு ஹாலுக்கு மகள் கேட்கிற சாம்பல் நிறமா, உங்களுக்குப் பிடித்த சந்தனமா என்று கேட்டிருந்தீர்கள். ஷேடு கார்டை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சின்னத் துண்டில் வெளிறித் தெரிவது, நாலு சுவரிலும் ஏறினால் அடர்ந்து தெரியும். இரண்டு நிறத்திலும் சின்ன டப்பா வாங்கி, இரண்டடிக்கு இரண்டடி, இரண்டு கோட் அடித்து, காலையிலும் சாயங்காலமும் பாருங்கள். ராத்திரி லைட் போட்டும் பாருங்கள். நீலம் கலந்த சாம்பல் மேற்கு வெயிலில் அழகாக இருக்கும். வெள்ளை எல்இடி வெளிச்சத்தில் குளிர்ந்துபோய் ஆஸ்பத்திரி மாதிரி ஆகிவிடும். உங்கள் ரெட் ஆக்சைடு தரைக்குச் சந்தனமே பொருத்தம் என்பேன். மகளுக்காக டிவி சுவரில் மட்டும் சாம்பல் அடியுங்கள், பேஷன் மாறினால் ஒரு சுவரை மாற்றுவது லேசு.

அப்புறம், சுவரில் புதுச் சிமெண்ட் பூச்சு என்றீர்களே, 28 நாளாவது ஆறவிட்டு, அப்புறம் சுவரை வழவழப்பாக்கும் பட்டி பாருங்கள். எங்கள் வீட்டில் அவசரப்பட்டு அடித்ததில் பெயிண்ட் பொரிந்து உதிர்ந்துவிட்டது.