குடல் பை வீக்கம்: மெசலமைன் தொடர வேண்டுமா?

கேள்வி: வயது 61. மூன்று மாதம் முன்பு இடது அடிவயிற்றில் வலி, காய்ச்சல். சி.டி. ஸ்கேனில் டைவர்டிகுலைடிஸ், அதாவது பெருங்குடல் சுவரில் பிதுங்கிய சிறு பைகளில் வீக்கம் என்றார்கள். சிகிச்சையில் சரியானது. மறுபடி வராமலிருக்க மெசலமைன் 1.2 கிராம், தினம் இரண்டு, 'தொடரவும்' என்று எழுதியிருக்கிறார்கள். ஆயுளுக்கும் சாப்பிட வேண்டுமா? இதயத்தில் ஸ்டென்ட் வைத்ததால் ஆஸ்பிரின் 75 போடுகிறேன். முட்டிவலிக்குக் கடையில் மாத்திரை வாங்குகிறேன்.

பதில்: மறுபடி வராமல் தடுக்க மட்டும்தான் என்றால் மெசலமைன் தேவையில்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் என்ற பெருங்குடல் நோயில் புண் குடலின் உள்தோலில் இருக்கும். அங்கே இந்த மருந்து நன்றாகவே வேலை செய்கிறது. குடல் பைக்கும் கேட்கும் என்று நம்பித்தான் கொடுத்துப் பார்த்தார்கள். 2014இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில் ஏறத்தாழ 1,180 பேரிடம் இரண்டு ஆண்டு சோதித்துப் பார்த்தார்கள். தினம் 4.8 கிராம் வரை போயும் மருந்தில்லாத வெற்று மாத்திரையைவிட ஒரு பலனும் இல்லை. அமெரிக்க இரைப்பை குடலியல் சங்கம் 2015இலேயே வேண்டாம் என்றுவிட்டது. இன்னும் 'தொடரவும்' என்று எழுதுகிறார்கள். எதுவரை என்று எழுத மட்டும் யாருக்கும் நேரமில்லை. அடுத்த முறை போகும்போது "எனக்குக் கொலைட்டிஸும் இருக்கிறதா?" என்று கேளுங்கள். இல்லை என்றால் நிறுத்தச் சொல்வார். அதுவரை போடுவதானால் ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) பாருங்கள். அரிதாகச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

எனக்குக் கவலை மெசலமைன் அல்ல, அந்த முட்டிவலி மாத்திரை. டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் எல்லாமே 'வீக்கம் குறைக்கும்' மாத்திரைகள்தான். ஆனால் குடல் பையில் ரத்தக்கசிவையும் ஓட்டை விழும் அபாயத்தையும் கூட்டுபவை இவைதான். அட்டையில் பெரிதாக இருக்கும் பெயரைப் பார்த்தால் காய்ச்சல் மாத்திரை போலிருக்கும். கீழே பொடி எழுத்தில் 'அசெக்ளோஃபெனாக் 100 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி.' என்றிருக்கும். கடைக்காரர் நாலைந்து மாத்திரையை வெட்டிக் காகிதத்தில் மடித்துத் தருவாரே, அதில் அந்த எழுத்தும் இருக்காது. உள்ளே ஸ்டீராய்டு இருந்தால் வலியும் காய்ச்சலும் அமுங்கிவிடும், குடல் ஓட்டையானது தாமதமாகத்தான் தெரியும். பெயர் போடாத மூட்டுவலிப் பொடிக்கும் இதே கதை. வலிக்கு பாராசிட்டமால் 650 மட்டும் போதும், நாளைக்கு நாலுக்கு மேல் வேண்டாம்.

இதைப் படித்துவிட்டு ஆஸ்பிரினை நிறுத்திவிடாதீர்கள். அதுவும் அதே குடும்பம்தான், கொஞ்சம் ரத்தக்கசிவு அபாயம் உண்டுதான். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் நிறுத்தினால் அது அடைத்துக்கொள்ளலாம். குடல் கசிவுக்குச் சிகிச்சை பார்க்கலாம். மாரடைப்பு அந்த அவகாசம் தராது. குடல் டாக்டர், மருந்துக்கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் யார் சொன்னாலும் இதய டாக்டரைக் கேட்காமல் ஆஸ்பிரினில் கைவைக்காதீர்கள். தலைவலிக்கென்று கூடுதலாக இன்னொரு ஆஸ்பிரின் போடுவது வேறு, அது கூடாது.

இன்னொன்று. வலி அடங்கி 6 முதல் 8 வாரத்தில் கொலனோஸ்கோப்பி (பெருங்குடலுக்குள் கேமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்திருக்க வேண்டும். ஸ்கேனில் புற்றுநோயும் இதேபோல் தெரியக்கூடும். சமீபத்தில் செய்யவில்லை என்றால் இப்போதாவது செய்யுங்கள். அதை விட்டுவிட்டு மாதாமாதம் ஸ்கேனுக்கு அனுப்பினால் எதற்கு என்று கேளுங்கள். கமிஷன் எந்தப் பக்கம் போகிறதென்று உங்களுக்கே தெரியும்.

மலத்தில் ரத்தம், காய்ச்சலோடு வலி, வயிறு பலகைபோல் இறுகுவது இதில் ஒன்று வந்தாலும் மாத்திரை தேடாமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போகும்போது எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள்.