டெஸ்டர் யார் கையில்?

அன்புள்ள அக்காவுக்கு,

நான் ஹற்றன் பக்கத்துத் தோட்டத்துப் பையன். உயர்தரம் முடித்து இங்கே ஒரு சிறிய தொழில்நுட்பக் கல்லூரியில் மின்னியல் படிக்கிறேன். வகுப்பில் 31 பேர். பெண்கள் இரண்டே பேர். மற்றப் பெண்களெல்லாம் மேல்கட்டடத்தில் தையலிலும் கம்ப்யூட்டரிலும். எங்களோடு படிக்கும் இருவரும் யாருடனும் பேசுவதில்லை, மணியடித்ததும் போய்விடுவார்கள். திமிர் என்கிறார்கள் பையன்கள். உங்கள் டெக் நாட்களைச் சிரிப்பும் கூத்துமாக நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டுத்தான் சேர்ந்தேன். இங்கே அப்படி ஒன்றையும் காணோம். எல்லாரும் ஒன்றுசேரட்டும் என்று இந்த சீசனில் சிவனொளிபாதமலைக்கு ஒரு பயணம் போடுகிறோம். அதற்கும் அவர்கள் வரமாட்டார்களாம். ஏன் இப்படி?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கூத்து என்று எழுதியது நான்தான். படவரைஞர் வகுப்பில் நாங்கள் நான்கு பெண்கள், அதனால் கூத்தடித்தோம். ஒருத்திக்குக் காய்ச்சல் என்றாலும் மூன்று பேர் மிச்சம். இரண்டு பேர் என்றால் கணக்கே வேறு. ஒருத்தி வராத நாளில் மற்றவள் 29 பையன்களுக்கு நடுவில் தனி. இதை அந்தக் கட்டுரையில் நான் யோசிக்கவே இல்லை.

திமிர் என்கிறீர்கள். பஸ் ஸ்டாண்டில் அவளோடு நின்று ஒரு ரோல்ஸும் பிளேன்டீயும் சாப்பிட்டால் உங்களுக்கு அது ரோல்ஸ், பிளேன்டீ, அவ்வளவுதான். அவள் தோட்டத்துச் சந்தியில் இறங்குமுன் கதை லயத்து வரிசை வீடுகளுக்குப் போய், நாலு காம்பரா தாண்டி, அம்மாவின் காதில் விழுந்திருக்கும். அப்புறம் 'படிச்சது போதும், கார்மண்டுக்குப் போ' என்பார்கள். நீங்களும் லயத்துப் பையன், இது தெரியாததா?

எங்கள் காலத்தில் வேர்க்‌ஷொப் பக்கம் பெண்களுக்குக் கழிவறை கிடையாது. மேல்கட்டடத்துக்கு ஏறி ஆபீசில் திறப்பு கேட்கவேண்டும். தொலைந்துவிடக் கூடாதென்று திறப்பில் முழங்கை நீளத்துக்கு ஒரு மரக்கட்டை கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு அத்தனை பையன்களுக்கும் முன்னால் நடப்பதைவிட, காலையில் தண்ணீர் குடிக்காமல் வருவது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. உங்கள் டெக்கில் இப்போது எப்படி என்று பார்த்து எழுதுங்கள்.

இன்னொன்றும் கேட்கவேண்டும். போன கிழமை வயரிங் பிரக்டிகலில் டெஸ்டர் யார் கையில் இருந்தது? கொப்பி யார் கையில் இருந்தது? எங்கள் நில அளவைப் பயிற்சியில் கோணம் அளக்கும் தியோடலைட்டைப் பையன்கள் பிடிப்பார்கள். 'உங்க எழுத்து அழகு' என்று சொல்லிக் களக்கொப்பியை எங்களிடம் நீட்டுவார்கள். நாங்களும் பெருமையாக வாங்கிக்கொண்டோம். ஒரு தவணை முழுக்க அளவு எழுதிய எனக்கு, பரீட்சையன்று கருவியைச் சமமட்டத்தில் நிறுத்தத் தெரியவில்லை. குமிழி ஒரு பக்கமாக ஓடிக்கொண்டே இருந்தது. பரீட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். உங்களுக்கும் தேசிய தொழில் தகைமை 4ஆம் மட்டத்துக்கு மதிப்பீட்டாளர் முன்னால் கையால் செய்துகாட்டவேண்டி வரும். கொப்பியின் அழகு அங்கே செல்லாது.

தோட்டத்தில் இது தலைகீழ். கொழுந்து எடுப்பது பெண்ணின் கை, தராசடியில் நின்று நிறையை எழுதுவது பெரும்பாலும் ஆணின் பென்சில். அங்கே பென்சிலுக்குத்தான் மதிப்பு. வேர்க்‌ஷொப்பில் கைக்கு மதிப்பு என்றானதும் பென்சில் அவளிடம் போய்விட்டது, பார்த்தீர்களா? யாரும் கூடிப் பேசிச் செய்ததில்லை. பெஞ்சுக்கு நான்கு பேர் என்றால் முறைவைத்துச் செய்யுங்கள். கொப்பியை ஒரு நாள் நீங்கள் எழுதுங்கள். அவள் பிரேக்கரைக் கழற்றும்போது 'கொண்டாங்க, நான் செய்றேன்' என்று கை நீட்டாதீர்கள். பேச்சு அங்கேதான் தொடங்கும். 'இந்த வயர் எங்கே போகுது' என்று கேட்பதற்கு லயத்தில் யாரும் கதை கட்டமுடியாது.

இலங்கையின் முதல் பெண் பொறியியலாளர் பிரேமலா சிவசேகரம், தமிழ்ப் பெண், பொறியியல் பீடத்துக்குள் போனது 1960இல். இத்தனை காலம் கழித்தும் உங்கள் வகுப்பில் இரண்டு பேர். எனக்கு ஆத்திரம்தான் வருகிறது. அதை உங்கள் தலையில் கொட்டுவது நியாயமில்லை, சரி.

பயண விஷயத்துக்கு வருகிறேன். சிவனொளிபாதமலைக்கு இரவில்தான் ஏறுவீர்கள், விடியலில் சூரியன் பார்க்க. எந்த வீட்டில் அனுப்புவார்கள்? மின்னியல் படிக்கிறவர்களுக்குப் பக்கத்திலேயே லக்ஷபான இருக்கிறது. 1950இல் ஓடத் தொடங்கிய பழைய நீர்மின் நிலையம். நோர்ட்டன் பிரிட்ஜ் வழியாகப் போனால் விமலசுரேந்திர நிலையத்தையும் பார்க்கலாம். உள்ளே போக அனுமதி வேண்டும், அதிபர் மூலம் மின்சார சபைக்குக் கடிதம் கொடுத்துப் பாருங்கள். மேல்கட்டடத்துக் கம்ப்யூட்டர் வகுப்பையும் கூப்பிடுங்கள், ஒரு மிஸ்ஸும் கூட வரட்டும். காலை ஏழு மணிக்குக் கிளம்பி, அந்த இரண்டு பேரின் தோட்டத்துக் கடைசி பஸ்ஸுக்கு முன்னால் ஹற்றனுக்குத் திரும்புகிற மாதிரி நேரம் வையுங்கள். அந்த பஸ் எத்தனை மணிக்கு என்று அவர்களிடமே கேளுங்கள்.

அன்புடன்,
அக்கா