பேராசிரியரை நோபலுக்குப் பரிந்துரைக்க யாரிடம் போவது?

கேள்வி: எங்கள் வேதியியல் பேராசிரியர் முப்பது ஆண்டுகளாக ஆராய்ச்சி செய்துவருகிறார். மாணவர்கள் சேர்ந்து அவர் பெயரை நோபல் பரிசுக்கு அனுப்பலாமா? படிவம் எங்கே கிடைக்கும்?

பதில்: அந்தப் படிவத்தை நாம் கேட்டு வாங்க முடியாது. ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில், ஸ்டாக்ஹோமிலுள்ள வேதியியல் நோபல் குழுவே தகுதியுள்ளவர்களுக்கு அனுப்பிவைக்கும். ஏற்கெனவே இயற்பியலுக்கோ வேதியியலுக்கோ நோபல் பெற்றவர்கள், ராயல் சுவீடிஷ் அறிவியல் அகாதெமி உறுப்பினர்கள், சுவீடன், டென்மார்க், நார்வே போன்ற நாடுகளின் வேதியியல் பேராசிரியர்கள், மற்ற நாடுகளில் அந்த ஆண்டு அழைப்பு பெற்றவர்கள் ஆகியோர் எழுதினால்தான் செல்லும். ஆயிரம் மாணவர்கள் கையெழுத்திட்டாலும் பயனில்லை. தன் பெயரைத் தானே அனுப்பினாலும் தள்ளுபடிதான். கடைசி நாள் ஜனவரி 31.

நீங்கள் செய்யக்கூடியது, அப்படி ஒருவர் கையில் கொடுக்கத் தகுந்த கோப்பைத் தயாரிப்பது. முப்பது ஆண்டு உழைப்பு என்பது அங்கே எடுபடாது. ஒரு கண்டுபிடிப்பைச் சுட்டிக்காட்ட வேண்டும். கண்டுபிடிப்பு என்ன என்று இரண்டே வரிகள், அதை முதலில் வெளியிட்ட கட்டுரை, வேறு ஆய்வகங்கள் அதைச் சரிபார்த்த கட்டுரைகள், அதே சமயத்தில் அதைக் கண்ட மற்றவர்களின் பெயர்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் மறைக்கப் பார்க்கிறார்கள். மறைக்கவே கூடாது, துறை வல்லுநர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள். எடுத்துக்காட்டாக, சி.வி. ராமன் 1928 பிப்ரவரி 28 அன்று கண்ட ஒளிச்சிதறல் விளைவை (ராமன் விளைவு), ஜெர்மனியில் பிரிங்ஸ்ஹைம், அமெரிக்காவில் வுட் ஆகிய இயற்பியலாளர்கள் அதே ஆண்டில் செய்து பார்த்து உறுதிப்படுத்தினார்கள். மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் தனியாகவே அதைக் கண்டிருந்தார்கள். முதலில் அச்சேறியது ராமனின் கட்டுரை. 1930 இயற்பியல் பரிசு அவர் ஒருவருக்கே போனது.

ஒரு பரிசை மூன்று பேருக்கு மேல் பகிர்வதில்லை. இறந்தவருக்குப் பரிசு கிடையாது. 2011இல் மருத்துவப் பரிசுக்குத் தேர்வான ரால்ஃப் ஸ்டைன்மன் அறிவிப்புக்கு மூன்று நாள் முன்பு இறந்தது குழுவுக்குத் தெரியாததால், அவர் பரிசை ரத்து செய்யவில்லை.

பரிந்துரை விவரங்களை ஐம்பது ஆண்டு வெளியிடுவதில்லை. எனவே இன்றுள்ள ஒருவரை ‘நோபலுக்குப் பரிந்துரைக்கப்பட்டவர்’ என்று யாராவது விளம்பரம் செய்தால், சரிபார்க்க வழியே இல்லை. இதற்குக் கட்டணமும் கிடையாது. பணம் கேட்டு மின்னஞ்சல் வந்தால் அது மோசடி.

இந்திய அரசின் ராஷ்டிரிய விக்யான் புரஸ்கார் (தேசிய அறிவியல் விருது) உங்களுக்கு எட்டக்கூடியது. மத்திய அரசின் விருதுகள் இணையதளத்தில் பரிந்துரை ஏற்கிறார்கள். அதில் இளம் விஞ்ஞானிகளுக்கான விக்யான் யுவா பிரிவு 45 வயது வரை மட்டும். உங்கள் பேராசிரியருக்கு விக்யான் ஸ்ரீ பிரிவைப் பாருங்கள்.