தக்காளி உருண்டை இல்லை

(கிருஷ்ணகிரி மாவட்ட அரசுப் பள்ளிகளில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், படம் வரைவது பற்றிய வாசகர் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறார்.)

கேள்வி: எனக்கு வயது 44. தக்காளி மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கணவருக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, மகன் கோவையில் படிக்கிறான். சின்ன வயதிலிருந்தே படம் வரைய ஆசை. இப்போது தினமும் ராத்திரி போனில் பென்சில் டிராயிங் வீடியோ பார்க்கிறேன். 300-க்கு மேல் சேமித்து வைத்திருக்கிறேன். ஆனால் நோட்டு வாங்கி ஏழு மாதம் ஆகியும் மூன்று பக்கம்தான் ஓடியிருக்கிறது. அந்த மூன்றும் பார்க்கச் சகிக்கவில்லை. "டேப்லெட் வாங்கிக்கோம்மா, தப்பா போட்டா உடனே அழிச்சுக்கலாம்" என்கிறான் மகன். போன்தான் என்னைக் கெடுக்கிறதா, இல்லை எனக்குக் கை வரவில்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, பாலக்கோடு

பதில்: சகோதரி, அந்த மூன்று பக்கங்களையும் எத்தனையாவது நிமிடத்தில் மூடி வைத்தீர்கள்? பதினைந்து நிமிடம் தாண்டியிருக்காது என்று நினைக்கிறேன். வகுப்பில் வருடக்கணக்காகப் பார்த்தது இது. படம் தொடங்கிப் பதினைந்தாவது நிமிடம் வாக்கில் முன் பெஞ்சில் ஒரு கை எழும். "சார், தப்பா வந்துருச்சு, வேற பேப்பர் குடுங்க." பின்னாலேயே இன்னும் நாலு கை எழும். எந்தப் படத்துக்கும் அப்படி ஒரு நேரம் உண்டு. கோடு விழுந்திருக்கும், நிழல் விழுந்திருக்காது. முகம் என்றால் யார் முகம் என்றே தெரியாது. அதற்கு மேலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால்தான் படம் கூடி வரும்.

வீடியோவில் அந்த ஒரு மணி நேரம் கண்ணில் படுவதில்லை. நீங்கள் சேமித்ததில் ஒன்றைப் போட்டு, வரைகிற கையை விட்டுவிட்டு, தாளுக்குப் பக்கத்தில் இருக்கும் பென்சில் டப்பாவின் நிழலைப் பாருங்கள். ஜன்னல் வெளிச்சத்தில் எடுத்ததாக இருந்தால் அந்த நிழல் நகர்ந்துகொண்டே போகும். ஒரு நிமிட வீடியோவுக்குள் ஒரு முற்பகலே ஓடி முடிந்திருக்கும். போன வருடம் இதை முதல்முதலாகக் கவனித்தபோது திடுக்கிட்டுவிட்டேன். அந்த ஓவியரும் பாவம், மூன்று மணி நேரம் குனிந்து உழைத்திருக்கிறார். நமக்குத்தான் அது தெரியவில்லை. தினமும் இதையே பார்த்துப் பழகிய கண், நம் தாளில் பத்து நிமிடத்தில் ஒன்றும் தெரியாவிட்டால் 'நம்மால் ஆகாது' என்று முடிவு கட்டிவிடுகிறது. உங்களுக்குக் கை வரவில்லை என்று நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். கைக்கு நீங்கள் இன்னும் நேரமே கொடுக்கவில்லை.

போனைத் தூக்கிப் போடச் சொல்ல மாட்டேன். எந்த ஆப்பில் எவ்வளவு நேரம் இருந்தோம் என்று செட்டிங்ஸ் உள்ளே போனால் காட்டும். என் மகள்தான் எடுத்துக் காட்டினாள். அன்றைக்கு எனக்கு 3 மணி 10 நிமிடம். அதில் யாரோடாவது பேசியது 12 நிமிடம். பிரஷ்ஷைத் தொட்டு அப்போது நாலு மாதம் ஆகியிருந்தது. அந்தக் கணக்கைப் பார்த்து அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது காலை ஆறிலிருந்து ஏழு வரை போன் சமையலறை அலமாரியில் சார்ஜில் கிடக்கும், நான் திண்ணையில் இருப்பேன். முதல் வாரம் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. ஒரு மாதத்தில் அது நின்றுவிட்டது. உங்களுக்குக் காலையில் மண்டி ஓட்டம் இருக்கும். ராத்திரி வீடியோ பார்க்கிற நேரத்தில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள், போதும்.

என்ன வரைவது என்று தேடவே வேண்டாம். நாள் முழுக்க உங்கள் கண் முன்னால் தக்காளி. காம்போடு ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வெள்ளைத் தாள் மேல் வையுங்கள். டியூப் லைட்டை அணைத்துவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வெளிச்சம் விழும்படி ஒரு விளக்கை வையுங்கள். பத்து நிமிடம் பென்சிலைத் தொடாமல் பாருங்கள்.

தக்காளி உருண்டை என்று நினைத்திருப்போம். இல்லை. நாட்டுத் தக்காளி என்றால் காம்படியிலிருந்து மடிப்பு மடிப்பாக இறங்கும். காம்பு இருக்கிற இடம் குழிந்திருக்கும். அதன் மேல் பச்சை இதழ்களில் ஒன்று சுருண்டு கிடக்கும், ஒன்று விறைத்து நிற்கும். அப்புறம் விளக்குக்கு எதிர்ப்பக்கம் வாருங்கள். இருட்டு விளிம்பு வரைக்கும் போகாது. விளிம்புக்குச் சற்று உள்ளேயே அடர்ந்து, விளிம்பில் மறுபடி லேசாக வெளுக்கும். தாளில் பட்ட வெளிச்சம் திரும்பி வந்து தக்காளியின் அடியில் படுவதால் அப்படி. தாளிலும், தக்காளியை ஒட்டி, மெல்லிய சிவப்பு படிந்திருக்கும். இதை நான் சொல்லிக்கொடுக்காமலே எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கண்டுபிடித்தாள். "சார், தக்காளி பேப்பர்ல ஒட்டிக்கிச்சு!" என்று கத்தினாள். அந்த வருடத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சந்தோஷம் அதுதான்.

பென்சில் 2பி ஒன்று, 6பி ஒன்று. 'பி'க்கு முன்னால் எண் ஏற ஏற முனை மென்மையாகும், கருப்பும் கூடும். நல்ல நோட்டைப் பார்த்தால் கை தயங்கும். மண்டிச் சிட்டையின் பின்பக்கமே போதும். ரப்பரை ஒரு மாதம் எடுத்து ஒளித்து வையுங்கள். கோடு தப்பாக விழுந்தால் அழிக்காமல் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடுங்கள். தப்புக் கோடு கண் முன்னால் இருந்தால்தான் அடுத்தது எவ்வளவு தள்ளி விழ வேண்டும் என்று தெரியும். டேப்லெட் இப்போது வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான். அதில் வரைந்தே குடும்பம் நடத்துகிற மாணவர்கள் எனக்கு இருக்கிறார்கள், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் ஒரு தட்டு தட்டினால் தப்பு மறைந்துவிடுவது, தொடங்குகிறவருக்கு நல்லதில்லை. மகன் ஆசையாகத்தான் சொல்கிறார், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது தக்காளி ஆகட்டும், அப்புறம் வாங்கித் தரச் சொல்லுங்கள்.

அந்த 300 வீடியோவில், வேகம் கூட்டாமல் பேசிக்கொண்டே சொல்லித்தருகிறவை ஐந்தாறு இருக்கும். அவற்றை வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிடுங்கள். ஒவ்வொரு தக்காளிக்கும் கீழே தேதி போடுங்கள். முதல் மூன்று பக்கங்களையும் கிழிக்க வேண்டாம்.

கேள்வி: சாப்ட்வேர் வேலை, நாள் முழுக்கத் திரைதான். ஆறுதலுக்கு நடுகற்களை வரையத் தொடங்கியிருக்கிறேன். கிருஷ்ணகிரி அருங்காட்சியகத்தில் போனில் எடுத்த படங்களை வைத்து வரைகிறேன். எல்லாம் தட்டையாக வருகிறதே, ஏன்?
- வாசகர், ஓசூர்

பதில்: தம்பி, நடுகல்லில் செதுக்கு ஆழம் குறைவு. நேர் எதிரே நின்று பிளாஷ் போட்டு எடுத்தால் அந்தக் கொஞ்ச நிழலும் செத்துவிடும். கிட்டே நின்று குனிந்து எடுத்தால் கல்லின் தலைப்பக்கம் பெருத்து அடிப்பக்கம் ஒடுங்கி விழும். அதைப் பார்த்து நீங்கள் எவ்வளவு சரியாக வரைந்தாலும் கல்லின் அளவு வராது.

அங்கேயே உட்கார்ந்து வரையுங்கள். அனுமதி கேட்டுக்கொண்டு, நண்பர் ஒருவரைப் போன் டார்ச்சைக் கல்லின் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். செல்போனால் இப்படியும் ஓர் உபகாரம் உண்டு. வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும் வில்லும் குறுவாளும் வீரனின் கொண்டையும் எழுந்து நிற்கும். மங்கிக் கிடந்த வட்டெழுத்தும் (பழங்காலத் தமிழ் எழுத்து) சில கற்களில் தெரியும். வயலிலும் ஏரிக்கரையிலும் நிற்கிற கற்களுக்குக் காலை வெயிலும் சாயங்கால வெயிலுமே போதும், உச்சி வெயிலில் போகாதீர்கள். எழுத்து தெரிய வேண்டும் என்று மாவோ சுண்ணாம்போ தேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் செய்யாதீர்கள், யார் செய்தாலும் தடுத்துவிடுங்கள். ஊர் மாட்டை மீட்கப் போய் செத்தவன் போன்ற வீரனுக்கு ஊர் வைத்த கல் அது. தருமபுரி அருங்காட்சியகத்துக்கும் ஒருநாள் போய் வாருங்கள், அங்கும் நல்ல கற்கள் இருக்கின்றன.

கேள்வி: என் ஒன்பது வயது மகன் போனில் கார்ட்டூனை நிறுத்தி வைத்து, அதைப் பார்த்தே வரைகிறான். சொந்தமாக வரைய மாட்டேன் என்கிறான். தடுக்கலாமா?
- வாசகர், ஊத்தங்கரை

பதில்: தடுக்காதீர்கள். பார்த்து வரைவதும் படிப்புதான். ஒருமுறை பார்த்து வரைந்ததும் போனை வாங்கி வைத்துக்கொண்டு, அதே உருவத்தைப் பக்கத்தில் மனப்பாடமாக வரையச் சொல்லுங்கள். அடுத்து, அந்தக் கார்ட்டூன் ஆள் போச்சம்பள்ளி சந்தைக்கு வந்து ஆடு வாங்குகிற மாதிரி ஒரு படம் கேளுங்கள். ஆடு எப்படி நிற்கும் என்று அவன் உங்களிடம் கேட்பான். போனில் தேடிக் கொடுக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கே கூட்டிப் போய், ஆட்டுக்கு முன்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது, பின்கால் எந்தப் பக்கம் மடங்குகிறது என்று பார்த்துவரச் சொல்லுங்கள்.