பழைய கெப்பைப் பின்னால் 5 அங்குலம் இறக்க, செசியில் பிறை வெட்டு எடுப்பது எப்படி?

கேள்வி ஹட்டன் பக்கம் ஓடும் பழைய ஹைலக்ஸ் கெப் பற்றியது: பின் எக்சலை லீஃப் ஸ்பிரிங்குக்கு மேலே மாற்றினால் செசியை எவ்வளவு வெட்டுவது, எப்படி ஒட்டுவது?

அந்த 5 அங்குலம் எங்கிருந்து வருகிறது என்று முதலில் பாருங்கள். எக்சல் குழாயின் விட்டம், ஸ்பிரிங் கட்டின் தடிப்பு, ஸ்பிரிங் உட்காரும் இருக்கைத் தகடு மூன்றும் சேர்ந்ததுதான் அது. அதே அளவுக்கு எக்சல் செசியை நெருங்கும். சும்மா விட்டால் முதல் பள்ளத்திலேயே இரும்பில் இரும்பு மோதும். எக்சல் ஏறி இறங்க இடம் கொடுக்க, அதற்கு நேர் மேலே செசிச் சட்டத்தின் அடிப்பக்கத்தைப் பிறை வடிவில் வெட்டி எடுப்பதுதான் பிறை வெட்டு.

பின்பெட்டி, எண்ணெய் டேங்க், பிரேக் குழாய், வயர் எல்லாம் கழற்றி, பெட்டரியையும் விடுவியுங்கள். வெட்டும் இடத்துக்கு முன்னும் பின்னும் ஸ்டாண்ட் கொடுத்து, செசியின் இரண்டு நீளச் சட்டத்தையும் குறுக்கே ஒரு ஆங்கிள் இரும்பால் தற்காலிகமாகப் பிணையுங்கள். ஒரு பக்கம் ஒட்டி முடித்த பிறகே மறுபக்கம் வெட்டலாம்.

எக்சல் நடுவைக் கண்மட்டத்தில் குறிக்க வேண்டாம். பின் ஸ்பிரிங்கின் முன்முனைப் போல்ட்டிலிருந்து இரண்டு பக்கமும் ஒரே அளவு பிடியுங்கள். ஸ்பிரிங் அமுங்கும்போது எக்சல் நேரே மேலே வராது, கொஞ்சம் பின்னால் தள்ளி வரும். அதனால் வெட்டின் நடுவை 10 மி.மீ. பின்னே வையுங்கள். சட்டத்தின் ஆழத்தில் பாதிக்கு மேல் வெட்ட வேண்டி வந்தால் பிறை வெட்டை மறந்துவிட்டு, எக்சலுக்கு மேலாக ஏறி இறங்கும் புதுச் சட்டம்தான் கட்ட வேண்டும். உள்மூலை எதுவும் கூராக இருக்கக் கூடாது. விரிசல் அங்கேதான் பிறக்கும்.

வெட்டின வாய்க்கு, 6 மி.மீ. சுவருள்ள 5 அங்குலப் பைப்பில் ஒரு பிறைத் துண்டு பொருந்தும். பக்கத்துக்கு 6 மி.மீ. தகடு, வெட்டின் இரண்டு ஓரமும் 150 மி.மீ. தாண்டி நீள வேண்டும். தகட்டின் நுனியை மீன்வால் போல வெட்டுங்கள். நேராக வெட்டி மேலிருந்து கீழாக ஒரே கோட்டில் ஒட்டினால், விறைத்த தகட்டுக்கும் 3 மி.மீ. சட்டத்துக்கும் நடுவே எல்லா வளைவும் அந்தக் கோட்டிலேயே விழும். சில மாதத்தில் ஒட்டு அப்படியே இருக்கும், பக்கத்துச் சட்டம் கிழிந்திருக்கும்.

6013 என்ற சாதாரண வெல்டிங் குச்சியால் செசி ஒட்டுவது எனக்குச் சம்மதமில்லை. ஹைட்ரஜன் குறைந்த 7018 குச்சி, 2.5 மி.மீ., டி.சி. மெஷினில் 70 முதல் 90 அம்பியர். நம் ஊர் மூடுபனியில் அந்தக் குச்சி ஈரத்தை உறிஞ்சும். அந்த ஈரத்திலிருந்து ஒட்டுக்குள் ஹைட்ரஜன் புகுந்து பிறகு விரிசல் விடும். அடைத்த பக்கெட்டைப் புதிதாக உடைத்து 4 மணி நேரத்துக்குள் பாவியுங்கள். மிக் வெல்டிங் என்றால் கராஜ் கதவைச் சாத்துங்கள், ஒட்டைக் காக்கும் கேஸைக் காற்று அடித்துக்கொண்டு போகும். 30 மி.மீ. துண்டு துண்டாக, இடம் மாற்றி மாற்றி ஒட்டி, செசி கோணியதா என்று இடையிடையே மூலைவிட்டம் அளந்து பாருங்கள். கீழே தண்ணீர் வடிய ஒரு துளை விடுங்கள்.

எக்சல் செசியில் மோதாமல் தாங்கும் பம்ப் ஸ்டொப் ரப்பரைப் பிறைக்குள் கட்டாயம் மாட்டுங்கள். குட்டையான ஷொக் வேண்டும். புது ஸ்பிரிங் இருக்கையை வண்டியின் பாரம் இறங்கி, கியர்பெட்டியிலிருந்து பின் எக்சலுக்கு வரும் புரொப்பெல்லர் சாஃப்ட்டின் கோணம் பார்த்த பிறகே முழுதாக ஒட்டுங்கள்.

பலரும் தவறவிடுவது பின்பிரேக் வால்வு. சுமைக்கு ஏற்ப அழுத்தம் மாற்றும் வால்வு உங்கள் கெப்பில் இருந்தால், அதன் கம்பி எக்சலோடு இணைந்திருக்கும். எக்சல் மேலே வந்ததும், வண்டியில் மரக்கறி மூட்டை நிறைய ஏற்றியிருப்பதாக எண்ணி வால்வு பின்சக்கரத்துக்கு முழு அழுத்தத்தையும் விடும். கினிகத்தேனை இறக்கத்தில், நனைந்த வளைவில் வெறும் வண்டியின் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வால் வீசும். இறக்கிய அளவுக்கே கம்பியின் பிராக்கெட்டையும் நகர்த்தி, ஈரமான சமதரையில் மெதுவாக ஓட்டி பிரேக் பிடித்துப் பாருங்கள்: முன்சக்கரம்தான் முதலில் பூட்ட வேண்டும். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு வானம் பார்க்கும், அதையும் இறக்குங்கள்.

செசி இலக்கம் அடித்த இடத்தில் கிரைண்டர் படக் கூடாது. வெட்டுவதற்கு முன்பே மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

100 கிலோமீட்டர் ஓடியதும், எக்சலையும் ஸ்பிரிங்கையும் பிணைக்கும் யூ போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். தகட்டின் மீன்வால் நுனிகளைத் துடைத்து டோர்ச் அடித்துப் பாருங்கள். பெயின்ட்டில் தலைமுடி போலத் துருக்கோடு தெரிந்தால் அது விரிசல். அதோடு வண்டியை இறக்கத்தில் விடாதீர்கள்.