ஜெர்மனியில் நாஜிகள் கொன்றவர்களின் பெயரை நடைபாதையில் பதிக்கிறார்களே, காலால் மிதிபடுவது அவமரியாதை இல்லையா?

நீங்கள் ஜெர்மனிக்குப் புதிதாக வந்தவர் என்று நினைக்கிறேன். காகிதத்தில் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நமக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? பெர்லினில் முதல் வருடம் நானும் அந்தப் பித்தளைத் தகடு பதித்த கற்களைத் தாண்டித் தாண்டித்தான் நடப்பேன்.

அப்புறம் ஒரு நவம்பர் 9, யூதர்கள் மீது 1938இல் வெறியாட்டம் நடந்த நாள். எங்கள் வாசலில் மாடி வீட்டுப் பாட்டி மண்டியிட்டு உட்கார்ந்து, என் சைக்கிளை நகர்த்தச் சொன்னார். நகர்த்தினால், அடியில் மூன்று கற்கள். கறுத்துக் கிடந்ததால் அத்தனை மாதம் கண்ணில் படவே இல்லை. அவர் நீட்டிய துணியை வாங்கி நானும் தேய்த்தேன். புளி இருந்தால் சீக்கிரம் போகும் என்று வாய் வரை வந்தது, சொல்லவில்லை. எழுத்து மெல்லத் தெளிந்தது: 'இங்கே வசித்தார்', ஒரு பெயர், பிறப்பு 1936, நாடு கடத்தப்பட்டது 1943, கொல்லப்பட்ட இடம் ஆஷ்விட்ஸ் வதைமுகாம். ஏழு வயதாவது நிறைந்திருக்குமோ என்னவோ.

குன்ட்டர் டெம்னிக் என்ற கலைஞர் 1992இல் தொடங்கிய வேலை இது. பத்து சென்டிமீட்டர் கல், ஆளுக்கு ஒன்று, கல்லில் பெயர் உள்ளவர் கடைசியாகத் தன் விருப்பப்படி குடியிருந்த வீட்டின் முன்னால். யூதர்களுக்கு மட்டுமல்ல, ஐரோப்பாவின் சிறுபான்மை இனங்களான ரோமா, சின்ட்டி மக்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. 2023இல் நியூரம்பெர்கில் ஒரு லட்சமாவது கல்லைப் பதித்தார்கள்.

'மியூனிக்கில் அனுமதி இல்லையே' என்று யாராவது கிளம்புமுன் நானே சொல்லிவிடுகிறேன். ஆமாம், அங்கே பொது இடத்தில் பதிக்க விடுவதில்லை. அந்த ஊர் யூத சமூகத்தின் தலைவர் ஷார்லட் க்னோப்லோக்கும் உங்களைப் போலத்தான் கேட்கிறார். நாஜிக் காலத்தில் ஒளிந்து உயிர் பிழைத்தவர் அவர். அவரிடம் வாதாட நான் யார்? அங்கே சுவரில், கண் உயரத்தில் பலகை வைக்கிறார்கள். அதுவும் சரிதான். என் வாசலில் நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

பாட்டி காசு வாங்காமல் தேய்க்கிறார். எங்கள் வீட்டு நிர்வாகமோ மாடிப்படி சுத்தம் செய்ததாக வருடா வருடம் பில்லில் பணம் பிடிக்கிறது. துடைப்பத்தோடு ஓர் ஆளை நான் பார்த்ததில்லை. கடிதம் போட்டு எட்டு மாதமாகிறது, பதிலே இல்லை.

சைக்கிளை இப்போது பின்முற்றத்தில்தான் விடுகிறேன். அங்கே இரண்டு தடவை சீட் திருட்டுப் போய்விட்டது, அது வேறு கதை.