தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் இணையவழிக் கற்றல் தளங்களைப் பயன்படுத்தத் தயங்குவது ஏன்?

நான் சத்தியமங்கலம் பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளியில் இடைநிலை ஆசிரியை. நான் பார்த்தவரை, எங்களுக்குத் தொழில்நுட்பத்தின் மீது வெறுப்பு இல்லை. வகுப்புக்கு ஏதாவது தருகிற செயலியை யாரும் சொல்லாமலே திறக்கிறோம். வகுப்பு நேரத்தைத் தின்கிற செயலியைக் கண்டால்தான் முகம் சுருங்குகிறது. இரண்டும் ஒரே கைப்பேசியில் இருப்பதால் வெளியாருக்கு வேறுபாடு தெரிவதில்லை.

2018 முதல் வந்த புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு அச்சிட்டார்கள். ஸ்கேன் செய்தால், ஆசிரியருக்கும் மாணவருக்கும் அரசு நடத்தும் தீக்‌ஷா தளத்தில் காணொளி வரும். பவானிசாகர் அணையைத் தவிர பெரிய நீர்ப்பரப்பு எதையும் பார்த்திராத பிள்ளைகள் கடல் அலையைக் கண்டு எழுந்து நின்றுவிட்டார்கள். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஆசிரியைகளும் இதை ஆசையோடு கற்றுக்கொண்டார்கள். வயதைக் காரணம் சொல்வதை நான் ஏற்கவே மாட்டேன்.

கசப்பு சேர்ந்தது கொரோனா காலத்தில். 2020 மார்ச்சில் மூடிய பள்ளிக்கு எங்கள் பிள்ளைகள் திரும்பியது 2021 நவம்பரில். வீட்டில் இருந்த ஒரே கைப்பேசி, அப்பாவோடு நூற்பாலை இரவுப் பணிக்குப் போய்விடும். கடம்பூர் மலைப் பக்கம் பல இடங்களில் சிக்னலே கிடைக்காது. கல்வித் தொலைக்காட்சி ஓரளவு கைகொடுத்தது. ஆனால் ஒன்றாம் வகுப்புக் குழந்தை பென்சிலைத் தவறாகப் பிடித்தால் அந்த விரலைத் தொட்டுத் திருத்த ஆள் வேண்டும். திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த வேதனையை இன்னும் பல ஆசிரியர்கள் மறக்கவில்லை.

இப்போது சுமை வேறு வகை. தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை வாசிப்பும் கணக்கும் கைவர 2022-இல் தமிழக அரசு தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரித்துக் கற்பிப்பது அருமையான முறை, மனதாரச் சொல்கிறேன். ஆனால் மூன்று வகுப்புகளை ஒரே அறையில் வைத்திருக்கும் ஆசிரியை, ஒவ்வொரு குழந்தையின் விடையையும் கைப்பேசியில் பதிவேற்றிக்கொண்டிருந்தால் மற்றவர்களை யார் பார்ப்பது? இணையம் சுற்றிக்கொண்டே இருக்கும், பாடவேளை முடிந்துவிடும். இதை எந்தப் பயிற்சியாலும் சரிசெய்ய முடியாது. பதிவு வேலைக்குத் தனி ஆள் வேண்டும்.

மனத்தை மாற்றுவது சக ஆசிரியர்தான். காணொளியை இரவே வீட்டில் பதிவிறக்கிக்கொண்டால் மறுநாள் சிக்னல் இல்லாமலும் காட்டலாம் என்பதைக் அக்கம்பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டத்தில் ஓர் ஆசிரியர் செய்துகாட்டினார். அன்றே பலரும் அதைப் பழகிக்கொண்டார்கள். திருப்பூர்ப் பக்கம் வேலை செய்யும் என் தோழியின் வகுப்பில் பனியன் கம்பெனிக்கு வேலை தேடி வந்த ஒடிசா, பீகார் குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். எண்களை முதலில் அவர்கள் மொழியில் உள்ள காணொளியில் காட்டிவிட்டு, பிறகு தமிழில் சொல்லிக்கொடுக்கிறார். அதற்கு எந்தச் சுற்றறிக்கையும் அவருக்கு வரவில்லை.